குருட்டுக்குடல் எந்தப் பக்கம்?

"குதிரைக்குக் குருட்டுக்குடல் எந்தப் பக்கம் இருக்கு?"

"இடது பக்கம், டாக்டர்."

லிதுவினா சிவப்புச் சாக்கட்டியை எடுத்து, வெள்ளைக் குதிரை மொரோத்தியின் வயிற்றில், இடது பக்கம் பெரிய பை ஒன்று வரைந்தாள். பின்னால் நின்ற மாணவர் கூட்டம் கொல்லென்று சிரித்தது.

பேராசிரியர் ஓவெலாருக்கு முகம் சிவந்துவிட்டது. உயிருள்ள குதிரையைத் தொட்டுப் பார்த்து, உள்ளே எந்த உறுப்பு எங்கே இருக்கிறதென்று தோல்மேல் வரைந்து காட்ட வேண்டும். அதுதான் கால்நடை மருத்துவக் கல்லூரித் தேர்வு. வகுப்பிலேயே கெட்டிக்காரி இப்படிச் சொதப்புவாள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

"மாட்டுக்குப் படிச்சதைக் குதிரைக்குச் சொல்றியா? வயிறு ஊதின குதிரைக்கு நீ இந்தப் பக்கம் ஊசி குத்தினா, அது அங்கேயே செத்துடும்!"

"எவனோ மனசுல புகுந்துட்டான், டாக்டர். அதான் பொண்ணுக்கு வலது இடது தெரியல" என்றான், குளிர்ந்த தெரெரே பானக் குவளையும் கையுமாக நின்ற ஒரு மாணவன்.

லிதுவினா சாக்கட்டியைக் கீழே வைத்தாள்.

"டிசம்பர்ல மறுபடி எழுது. மத்த எல்லாரும் பாஸ். நீயும் பாஸ் ஆகியிருந்தா, இந்தக் கிழட்டுக் குதிரையை நாளைக்கே கொன்னு, அறுத்துப் பாடம் நடத்துற மேஜைக்கு அனுப்பியிருப்பேன். இப்போ அதுவரைக்கும் இதுக்குத் தீனி வேற போடணும்!"

டிசம்பர் வந்தது. அதே கேள்வி, அதே பதில்.

"இன்னொரு தடவை ஃபெயில் ஆனா காலேஜை விட்டே அனுப்பிடுவாங்க, தெரியுமில்ல? பஸ் ஸ்டாண்டுல கூடை தூக்கி ரொட்டி வித்து உன்னைப் படிக்க வைக்கிறாங்களே, உங்கம்மா முகத்துல எப்படி முழிப்பே?"

அவள் கண் கலங்கிவிட்டது.

"அடுத்த தேர்வு எப்போ, டாக்டர்?"

"பிப்ரவரியில. இதை மட்டும் கரெக்டா கேளு!"

பிப்ரவரியில், தேர்வன்று காலை, லாயத்தில் மொரோத்தி செத்துக் கிடந்தது. வயசாகிவிட்டது, தூக்கத்திலேயே போய்விட்டது. கல்லூரியில் வேறு குதிரை இல்லை. அந்த உடம்பை வைத்தே தேர்வை முடித்துவிடலாம் என்று லிதுவினாவை அங்கேயே வரச் சொன்னார் ஓவெலார்.

வந்தவள் குதிரையின் பக்கத்தில் மண்டியிட்டாள். கேள்விக்குக்கூடக் காத்திருக்கவில்லை. வலது வயிற்றில் கையை வைத்தாள்.

"குருட்டுக்குடல்."

கையை நகர்த்திக்கொண்டே போனாள். கல்லீரல், நுரையீரல், சிறுநீரகம். ஒன்றிலும் பிசகில்லை. கண்ணீர் மட்டும் நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது.

ஓவெலாருக்கு அப்போதுதான் புரிந்தது.

"அடி அசடே! இதை உயிரோட வெச்சிருக்கணும்னுதானா உன் படிப்பையே பணயம் வெச்சே? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் அனுப்பியிருக்கவே மாட்டேனே! நானும் மனுஷன்தானேம்மா?"

லிதுவினா நிமிரவில்லை. பிடரியைத் தடவியபடியே சொன்னாள்.

"கேட்டேன், டாக்டர். முதல் தேர்வுக்கு முந்தின நாள், இதே இடத்துல. 'அழறதா இருந்தா வேற படிப்பு படி'ன்னு சொல்லிட்டு, திரும்பிக்கூடப் பாக்காமப் போயிட்டீங்க."