ஜன்னல் வரைக்கும் தண்ணீர்

மழை இன்னும் விழவில்லை. வெளிச்சம் மட்டும் கழுவாத பித்தளை மாதிரி மங்கிக் கிடக்கிறது. தெருவைக் காலி செய்ய வந்த பஸ்ஸில் முதல் ஆளாக நான்தான் உட்கார்ந்திருக்கிறேன், மடியில் குக்கரோடு. குக்கர் எதற்கு என்று கேட்காதீர்கள், கைக்கு அகப்பட்டது அதுதான். என்னை ஏற்றிவிட்ட புது மருமகளுக்கு வெள்ள எச்சரிக்கை அலுவலகத்தில் வேலை. இப்போது அவள் தையல்காரர் வீட்டு வாசலில் நிற்கிறாள். அந்தப் பெரியவர் படியை விட்டு அசைவதாக இல்லை. அவர் கிளம்பாவிட்டால் எதிர்வீட்டுக்காரர்களும் கிளம்பமாட்டார்கள்.

“உலகம் அழியுதுன்னு டிவில மூணு தடவை தேதி குறிச்சாங்கம்மா. மூணு தடவையும் புதுச்சட்டை தைச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்தேன். என்ன ஆச்சு? சட்டைதான் பழசாச்சு.”

எனக்குப் பின்னால் ஏறியவர்களும் சேர்ந்து பஸ்ஸே சிரிக்கிறது. அவளும் சிரிக்கிறாள். பிறகு குனிந்து, போன வருட வெள்ளம் சுவரில் விட்டுப்போன சேற்றுக் கோட்டைத் தொடுகிறாள். “உலகமெல்லாம் அழியாது பெரியப்பா. கடல் சூடாகிட்டே போகுது, ஒரு மாச மழை ஒரே நாள்ல கொட்டுது. போன வருஷம் தண்ணி இதுவரைக்கும் வந்துச்சு. இன்னைக்கு ஜன்னல் வரைக்கும் வரும்.” அவள் கை மெதுவாக மேலேறி ஜன்னல் விளிம்பில் நிற்கிறது. அவர் கண்ணும் கூடவே ஏறுகிறது. எழுந்து உள்ளே போகிறார். தையல் மிஷினின் தலையைக் கழற்றி, தூங்கும் பிள்ளையைப் போல் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே வருகிறார். எதிர்வீடுகளில் ஒவ்வொன்றாகப் பூட்டுப் போடும் சத்தம் கேட்கிறது.

பஸ் படியில் கால் வைத்தவர் திரும்பி அவளைப் பார்க்கிறார். “யாரு வீட்டுப் பொண்ணும்மா நீ?”

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்துகிறேன்: “எங்க வீட்டுப் பொண்ணு!”