அண்ணனின் பூட்டு

ரயில்பாதைக்கு மேலே மின்கம்பி இழுப்பவர்கள், ஏறுமுன் ஆளுக்கொரு பூட்டை ஸ்விட்ச் பெட்டியில் மாட்டுவார்கள். ஒரு பூட்டு தொங்கினாலும் மின்சாரம் போட முடியாது. இறங்கியதும் அவரவர் பூட்டை அவரவரே கழற்ற வேண்டும். முதல் மின்சார ரயில் புறப்படவிருந்த காலையில் ஒரு பூட்டு மிஞ்சியது. போன மழையில் கம்பத்திலிருந்து விழுந்து இறந்த அண்ணனுடையது. அன்றைக்கே காணாமல் போன பூட்டு. சாவி மட்டும், ஸ்விட்ச் போடும் வேலையிலிருந்த தம்பியிடம் இருந்தது.

“திறந்து தொலைப்பா, மந்திரி வந்துட்டார்,” என்றார் இன்ஜினியர்.

“மேல ஆள் இருந்தா, சார்?”

“இருந்தா என்ன, இன்னொரு தடவையா சாவான்?”

தம்பி சாவியை எடுத்தான். ஆனால் வழக்கம்போல் முதலில் பாதையை நோக்கிக் குரல் கொடுத்தான்.

“அண்ணே, இறங்கிட்டியா?”

காற்றில்லாமலே கம்பி லேசாக ஆடி நின்றது. திரும்பினான். பெட்டியில் பூட்டு இல்லை. ஸ்விட்சைப் போட்டபோதும் சாவி அவன் கையிலேயே இருந்தது.