அண்ணாவின் செய்தி

"அண்ணா எழுதி நாலு நாளாச்சுது. நீ அந்தக் கொம்பியூட்டரை விட்டு எழும்புறாயில்லை. உனக்கு ஒரு கவலையும் இல்லையோ, பிள்ளை?"

கையில் போனோடு நாகேஸ்வரி அறை வாசலில் நின்றார். யதுர்ஷிகா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எழுதுவார் அம்மா. பின்னேரத்துக்குள்ள எழுதுவார்."

மகன் கிருசாந்தன் போன வருடம் ஏரம்பு என்ற ஏஜென்சிக்காரனை நம்பி வெளிநாட்டுக்குப் புறப்பட்டவன். இத்தாலியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை, விசா இல்லாமல் ஒளித்திருப்பதால் வாய் திறந்து கதைக்க முடியாது, எழுத மட்டும்தான் முடியும் என்பதெல்லாம் அவனுடைய செய்திகளில் வந்தவை. சாப்பிட்டீர்களா, மருந்து போட்டீர்களா என்று ஒவ்வொரு பின்னேரமும் ஒரு செய்தி வரும். அதை எழுத்துக்கூட்டி வாசித்துப் பதில் போட்ட பிறகுதான் நாகேஸ்வரிக்குத் தொண்டையில் சோறு இறங்கும். இதய சத்திரசிகிச்சை செய்த உடம்பு. இந்த நாலு நாளும் தட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே மூடி வைத்துவிடுகிறார்.

யதுர்ஷிகா வவுனியாவில் கணினி படித்தவள். ஒட்டுசுட்டானில் வீட்டிலிருந்தபடியே ஒரு கொம்பனிக்கு வேலை செய்கிறாள். கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பித்ததுதான் அவள் செய்த பிழை. அதோடு, செய்தி அனுப்பும் மென்பொருள் திறக்க மறுத்துவிட்டது. புதிய இயங்குதளத்துக்கென்று ஆயத்தமாகச் செய்து வைத்த பதிப்பு எங்கே தேடியும் இல்லை. மூலநிரல் மட்டும் கிடைத்தது. அதை இறக்கித் தானே தொகுத்து, ஓடக்கூடிய மென்பொருளாக்கத் தொடங்கினாள்.

கோப்புகள் எல்லாம் ஒழுங்காகத்தான் தொகுக்கப்பட்டன. அவற்றை ஒன்றாக இணைக்கும் கடைசிக் கட்டத்தில் மட்டும் சிவப்பு எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன. செய்தியைப் பூட்டி அனுப்பும் பகுதியைத் தேடிக் காணவில்லையாம். நேற்று பாதி வேலையில் கரண்டும் போய்விட்டது.

கடைசியில், கூடப் படித்த ஸஹீலாவுக்கு அழைத்துப் பிழையை வாசித்துக் காட்டினாள்.

"பழைய லைப்ரரியும் உள்ளுக்குக் கிடக்குது போல. லிங்க் பண்ணேக்க அதைத்தான் எடுக்குது. அதைக் கழட்டிப்போட்டு, செய்ததெல்லாத்தையும் அழிச்சு, முதல்ல இருந்து கொம்பைல் பண்ணிப் பார்."

அப்படி என்ன அவசரம் என்று ஸஹீலா கேட்டாள். ஒபிஸ் வேலை என்று மழுப்பிவிட்டு யதுர்ஷிகா போனை வைத்தாள்.

திரும்பினால் அம்மா இன்னும் வாசலிலேயே நின்றார். முகம் வேறு மாதிரி இருந்தது.

"நாளைக்குக் காலமை முதல் பஸ்ஸில ஏரம்புவிட்டைப் போய்க் கேக்கப்போறன். அவனுக்குத் தெரியும், என்ர பிள்ளை எங்க எண்டு."

யதுர்ஷிகாவின் விரல்கள் விசைப்பலகையில் அப்படியே நின்றன.

"போகாதேங்கோ அம்மா. இண்டைக்கு ஒரு நாள் பொறுங்கோ."

"நீ பெறேல்லை. பெத்த எனக்குத்தான் தெரியும்."

நாகேஸ்வரி அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போய்விட்டார். யதுர்ஷிகா ஸஹீலா சொன்ன பழைய லைப்ரரியை அகற்றினாள். எல்லாவற்றையும் அழித்து, முதலிலிருந்து தொடங்கினாள். வரிகள் ஓடின. கணினியின் விசிறி இரைந்தது. இணைக்கும் கட்டம் வந்தபோது மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். சிவப்பு எழுத்து ஒன்றும் வரவில்லை. மென்பொருள் திறந்து, யாருடைய கணக்கு என்று பெயரைக் கேட்டது.

அவள் எழும்பிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, கிருசாந்தன் என்று அடித்தாள்.

அண்ணா போன படகு கவிழ்ந்துவிட்டது, ஒருவரும் தப்பவில்லை என்று ஏரம்பு அவளுக்குத்தான் முதலில் சொன்னான். அப்போது அம்மா சத்திரசிகிச்சை முடிந்து வார்ட்டில் கிடந்தார். 'அண்ணா போய்ச் சேர்ந்திட்டானோ?' என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். அண்ணாவுக்குக் கணக்குத் திறந்து கொடுத்தவளே யதுர்ஷிகாதான். அன்றைக்கு அதற்குள் புகுந்து, 'வந்து சேர்ந்திட்டன் அம்மா' என்று ஒரு வரி எழுதினாள். பிறகு நிறுத்த முடியவில்லை. தன் போனில் அந்தக் கணக்கைத் திறக்க அவளுக்குத் துணிவு வரவில்லை. அம்மா அதையும் எடுத்துப் பார்ப்பார். கணினிதான் பாதுகாப்பு. தனியே இருக்கும்போது வாய் பொத்தி அழுதிருக்கிறாள். அடுத்த நாளும் எழுதியிருக்கிறாள்.

இன்றைக்கு என்ன எழுதலாம்? காய்ச்சல், எழும்ப முடியவில்லை என்று சொல்லலாம். இல்லை, அம்மா பயந்துவிடுவார். போன் பழுதாகிவிட்டது என்று சொல்லலாம்.

கடவுச்சொல்லை அடிக்க விரலை வைத்தாள். கதவு திறந்தது.

நாகேஸ்வரி சிரித்துக்கொண்டு நின்றார். கன்னமெல்லாம் கண்ணீர்.

"எழுதிப்போட்டான், பிள்ளை. இப்பதான் வந்தது. கண் எல்லாம் கலங்குது, எழுத்துத் தெரியேல்லை. நீ வாசி."

யதுர்ஷிகா போனை வாங்கினாள். அண்ணாவின் கணக்குத்தான். அவள் எழுதாத செய்தி.

'அம்மா, இண்டைக்குத்தான் என்னைச் சிறையால விட்டவங்கள். இவ்வளவு நாளும் என்ர பேரில உங்களோட கதைச்சது ஆர்?'