மருமகளுக்கு ஒரு கார்டு

"மருமகள் பேர் சொல்லுங்க சார்."

"தெரியாதும்மா" என்றார் கான்ட்ராக்டர்.

கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்த அதிகாரிப் பெண்ணின் விரல்கள் அப்படியே நின்றன. பெரிய கணக்குக்காரர்களுக்கென்று வங்கி ஒதுக்கி வைத்திருந்த கண்ணாடி அறை அது. மெத்தென்ற சோபா, கேட்காமலே வந்த தண்ணீர் பாட்டில். ஊரில் பாதிக் கட்டடங்களைக் கட்டிய மனிதர், சோபாவின் நுனியில் சிபாரிசுக்கு வந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

"பாஸ்போர்ட் நகல் இருக்கா?"

"இல்ல."

"சார், உங்க மாதிரி கார்டுல சொந்தக்காரங்க அஞ்சு பேரைச் சேர்க்கலாம். வெளிநாட்டுல இருந்தாலும் பரவாயில்ல. ஆனா பேராவது வேணுமே!"

நியாயம்தான். எந்த மாமனார் இப்படி வந்து நிற்பார்?

"வெளிநாட்டுல இருக்கற என் மகன்கிட்ட இதே கணக்குல ஒரு கார்டு இருக்கும்மா. நீங்க அவனுக்கு ஒரு போன் போடுங்க. 'உங்கப்பா உங்க வீட்டுக்காரிக்கும் ஒரு கார்டு கொடுக்கச் சொல்றார், பேர் என்ன'ன்னு கேளுங்க. பேங்க்குன்னா எடுப்பான். நான்னா எடுக்க மாட்டான்."

தொழிலை எடுத்து நடத்த வரமாட்டேன் என்று மகன் சொன்ன அன்று, "இனிமே என் மூஞ்சில முழிக்காதே" என்று போனில் கத்தித் தொலைத்தார். பாழாய்ப்போன வாய். சின்ன வயதில் ஒரு சொல் கேட்காத பயல், இதை மட்டும் அட்சரம் பிசகாமல் கேட்டுவிட்டான். போன வருஷம் இவர் நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்து, ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் ஒரு போன் இல்லை. "அவன் நம்பரை மாத்திட்டான்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள் மனைவி.

மிச்சமிருந்தது அந்தக் கார்டு ஒன்றுதான். அவன் திருப்பித் தரவில்லை, இவரும் நிறுத்தவில்லை. அங்கே தேய்த்தால் இங்கே இவர் போனுக்குச் செய்தி வரும். காலையில் காபிக் கடை, சாயங்காலம் காய்கறி. சோறு தொண்டையில் இறங்காத நாளில்கூட, அந்தச் செய்தி வந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். டீயைத் தவிர எதையும் தொடாதவன் இப்படிக் காபியாகக் குடிக்கிறானே என்று கவலை வேறு.

"பேர்கூடத் தெரியாத மருமகளுக்கு எதுக்கு சார் கார்டு?"

"போன மாசம் குழந்தைத் துணிக் கடைன்னு செய்தி வந்துச்சும்மா. மறுநாள் தொட்டில். நேத்து பால் புட்டி. எனக்குப் பேரப்பிள்ளை பொறந்திருக்கு. ஆணா பொண்ணான்னுகூடத் தெரியல." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "வீட்ல சொன்னேன். வாயைப் பொத்திக்கிட்டு உள்ள போய் ஒரே அழுகை. சந்தோஷத்துல அவளுக்குப் பேச்சே வரல."

அதிகாரி தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அடுத்த மாசம் மறுபடியும் கத்தி வைக்கணும்னுட்டாங்க. பிழைப்பேனான்னு டாக்டருக்கே நிச்சயமில்ல. அதுக்குள்ள அவன் ஒரு தடவை 'அப்பா'ன்னு கூப்பிட்டுட்டா போதும். நேரா மன்னிப்புக் கேக்க எனக்கு வக்கில்ல. அதான் கார்டு."

"இருங்க சார், மகன் நம்பரைப் பாக்கறேன்."

அவள் எதையோ திறந்தாள். புருவம் சுருங்கியது.

"சார், வெளிநாட்டுல ஒரு கார்டுதான் ஓடுது. ஆனா அது உங்க மகன் பேர்ல இல்லையே. உறவுமுறை, மனைவியோட தங்கை மகன்னு இருக்கு."

"அவ தங்கச்சி பையனா?" கான்ட்ராக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அவனும் அதே ஊர்லதான் இருக்கான். அதுக்காக என் பையன் கார்டை அவன் எதுக்குத் தேய்க்கறான்? அவன் பொண்டாட்டிக்கு இப்பதான் குழந்தை…"

வாய் பாதியில் நின்றது. துணி, தொட்டில், பால் புட்டி எல்லாம் ஒரு நொடியில் கைவிட்டுப் போயின. தனக்குப் பேரனும் இல்லை, பேத்தியும் இல்லை.

"சரி" என்றார் கடைசியில், செத்த குரலில். "என்கிட்டயிருந்து எதுவுமே வேணாம்னு கார்டைத் தம்பிக்காரன்கிட்டத் தூக்கிக் கொடுத்துட்டான் போல. அவ்வளவு வெறுப்பு. நீங்க என் பையனோட நம்பரை மட்டும் கொடுங்கம்மா, நானே பேசறேன். கால்ல விழச் சொன்னாலும் விழறேன்."

அதற்குள் அவள் பழைய கோப்பு ஒன்றைத் திறந்திருந்தாள். படிக்கப் படிக்க முகம் வெளுத்தது. சட்டென்று திரையை மூடப் போனாள்.

"சார்… அடுத்த வாரம் அம்மாவையும் கூட்டிட்டு வர்றீங்களா?"

"என்னம்மா அது? காட்டுங்க."

"வேணாம் சார். ப்ளீஸ்."

கான்ட்ராக்டர் எழுந்து, மேஜைக்கு மேலாகக் கையை நீட்டித் திரையைத் தன் பக்கம் திருப்பினார்.

மனைவியின் குண்டு குண்டான எழுத்தில் ஒரு கடிதம். "என் மகன் காலமாகிவிட்டதால் அவன் பெயரிலுள்ள கார்டை ரத்து செய்து, அதே ஊரில் வசிக்கும் என் மனைவியின் தங்கை மகனுக்குக் கார்டு வழங்கவும். இறப்புச் சான்றிதழை இணைத்துள்ளேன். செலவுச் செய்திகள் வழக்கம்போல என் எண்ணுக்கே வரட்டும்."

அதன் கீழே, "இன்ஷூரன்ஸ் பேப்பர், போடுங்க" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அவள் நீட்டியதை நம்பி, ஒரு வரிகூடப் படிக்காமல் அவர் போட்டுக்கொடுத்த கையெழுத்து.