விரல் வாசித்த கடிதம்

"ஒரு தடவைதான் ஓடும் தம்பி. பூஞ்சை பிடிச்சிருக்கு. அப்புறம் என்னையக் குத்தம் சொல்லக் கூடாது" என்றார் சிவனாண்டி.

ஜினோ தலையாட்டிவிட்டு, அப்பாவின் பிளாப்பியை அவரிடம் கொடுத்தான். அவனுக்கு நாற்பத்து மூன்று வயது.

நாகமலை புதுக்கோட்டையில் ஒரு வீட்டின் மாடி அது. பழைய கம்ப்யூட்டர்களைச் சேர்த்துவைத்து, சிவனாண்டியும் இன்னும் நாலைந்து பேரும் ஞாயிறுதோறும் சம்பளமில்லாமல் நடத்தும் அருங்காட்சியகம். அந்தக் காலக் கம்ப்யூட்டர் அறை வழக்கப்படி செருப்பை வெளியே விட வேண்டும். மெஷின்கள் துணியுறைக்குள் தூங்கின.

டிரைவுக்குள் போன பிளாப்பி முனகியது. திரையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் எறும்புச் சாரையாக வந்து நின்றன.

"போச்சாண்ணே?"

"போகல. அப்பல்லாம் டிடிபி சென்டருக்கு ஒரு ஃபான்ட். அது இல்லாட்டி தமிழ் இப்படித்தான் தெரியும். இதைப் படிக்கவும் எங்ககிட்ட ஒரு ஆளு இருக்கு. கனகலட்சுமி, வாம்மா."

ஜன்னலோரம் கீபோர்டு துடைத்துக்கொண்டிருந்த கனகலட்சுமி வந்து உட்கார்ந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். பன்னிரண்டு வருடம் டிடிபி சென்டரில் தமிழ் டைப் அடித்தவள்.

"யாரு எழுதுனது?"

"எங்கப்பா. யேசுதாஸ் வாத்தியார். தொண்ணூத்தெட்டுல எழுதியிருக்காரு. போன மாசம் தவறிட்டாரு. உங்களுக்குத் தெரியுமாக்கா?"

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "கேள்வித்தாள் அடிக்க எத்தனையோ வாத்தியார்மாரு வருவாங்க."

"அம்மா செத்ததும் என்னைய ஹாஸ்டல்ல விட்டுட்டாரு. வாராவாரம் வந்து, பிஸ்கட்டைக் குடுத்துட்டுச் சும்மா நிப்பாரு. நானும் பேசுறதை விட்டுட்டேன். கடைசி வரைக்கும். அதுல எனக்குன்னு ஒரு வார்த்தை இருந்தாப் போதும்க்கா."

"பலசரக்குச் சிட்டையா இருந்தாலும் அழக்கூடாது மாப்ள" என்றார் சிவனாண்டி. ஜினோ சிரிக்கவில்லை.

கனகலட்சுமி கீபோர்டில் விரல்களை வைத்தாள். அழுத்தவில்லை. கண் திரையில் நகர, விரல்கள் அதனதன் இடத்துக்குத் தாமாகப் போயின. விரல் போன பிறகுதான் அது என்ன தமிழ் எழுத்து என்று அவளுக்கு வந்தது. வெளியே வெயிலில் நாகமலை மிதந்தது.

முதல் வரியிலேயே விரல்கள் நின்றுவிட்டன.

"என்னக்கா?"

"கை மறந்திருக்கு. இருங்க."

வெகுநேரம் கழித்து வாசித்தாள்.

"ஜினோவுக்கு. வாரம் தவறாமல் உன்னைப் பார்க்க வருகிறேன். வழியெல்லாம் உன்னோடு பேசிக்கொண்டே வருகிறேன். உன் முன்னால் நின்றதும் வாய் கட்டிப்போகிறது. சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல் திரும்பிவிடுகிறேன். என் வீட்டில் இன்னொரு நாற்காலி இருக்கிறது. அதில் நான் யாரையும் உட்காரவிடுவதில்லை. நீ எப்போது வந்தாலும் அது உனக்குத்தான்."

மின்விசிறி சுற்றியது. ஜினோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் கெடக்குக்கா அந்த நாற்காலி. நான் உக்காந்ததே இல்ல."

"போய் உக்காருங்க."

"தமிழ்ல அடிச்சுக் குடுப்பீங்களா? பிரேம் போட்டு வச்சுக்கிறேன்."

"கீழ போய் டீ குடிச்சிட்டு வாங்க. அடிச்சு வைக்கிறேன்."

சிவனாண்டி அவன் தோளில் கைபோட்டுக் கூட்டிப்போனார். படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

பிறகு பக்கத்துக் கம்ப்யூட்டரில் புதுப் பக்கம் திறந்தாள். ஓர் எழுத்தும் மாற்றாமல் கடிதம் முழுவதையும் அடித்தாள். அவன் பெயரை மட்டும் கடைசியில், மேலே போய்ச் சேர்த்தாள். பழைய திரையில் அந்த இடத்துக் குறிகளில் 'கனகலட்சுமிக்கு' என்று இருந்தது.