சொல்ல ஓர் இடம்

ஜெஸ்லின் ஆரஞ்சுச் சுளையிலிருந்து விதையை எடுத்துவிட்டு, கார் ஓட்டிக்கொண்டிருந்த பிரவின்ராஜின் வாயில் ஊட்டினாள். பின் சீட்டில் பிள்ளைகள் இருவரும் கைதட்டிச் சிரித்தார்கள்.

"அப்பாவுக்கு இன்னொண்ணு குடும்மா" என்றாள் மூத்தவள் ஜெனிஷா. ஜெஸ்லின் இன்னொன்றும் ஊட்டினாள். பிரவின்ராஜ் மென்றான். புளிப்பா இனிப்பா என்று அவனுக்குத் தெரியவில்லை.

அவள் அவனுக்கு எதையாவது ஊட்டி வருஷக்கணக்காகிறது. ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு வாடகைக்காரர்கள் போலத்தான் இருந்தார்கள். யார்மேலும் பெரிய குற்றமில்லை. பேச்சு குறைந்து, பிறகு சண்டையும் குறைந்து, போன வாரம் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள்.

பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஜெஸ்லின் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மார்த்தாண்டத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். பிரவின்ராஜ் சாலை பஜாரில் இருக்கும் தன் ஹார்டுவேர் கடையோடு திருவனந்தபுரத்திலேயே இருப்பான். அக்காவையும் தம்பியையும் மட்டும் பிரிக்கக் கூடாது. அந்த ஒன்றில்தான் அவர்களுக்குள் வாக்குவாதமே வரவில்லை.

இதைப் பிள்ளைகளிடம் சொல்லியாக வேண்டும். மலை, காடு, கடல் என்று ஒரு நாள் முழுக்கச் சிரிக்கவைத்து, நடுவில் எங்காவது மெதுவாகச் சொல்லிவிடலாம் என்பது ஜெஸ்லினின் யோசனை.

கல்லாற்றில் இறங்கினார்கள். ஜெனிஷா தண்ணீருக்குள் காலைத் தொங்கப்போட்டபடி, தம்பி அபினுக்கு அப்பாவின் போன் நம்பரைப் பாட்டு மாதிரி ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்தாள். அவன் நடுவில் தப்புவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து.

"கூட்டத்துல காணாமப் போயிருவான்னு பயப்படுதா போல" என்றாள் ஜெஸ்லின். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க சொல்லுங்க" என்றாள்.

"நீ சொல்லு. ஒனக்குத்தான் பக்குவமா வரும்."

பிள்ளைகளின் காலைத் துடைத்துவிட்டு, அப்படியே மலை ஏறினார்கள்.

பொன்முடியில் பனி முகத்தில் வந்து மோதியது. வழியில் போன ஒருவரிடம் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னாள் ஜெனிஷா. அவர் "கொஞ்சம் சேர்ந்து நில்லுங்க" என்றதும் பிரவின்ராஜும் ஜெஸ்லினும் சேர்ந்து நின்றார்கள்.

படம் எடுத்து முடிந்ததும் ஜெஸ்லின் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, "மக்களே..." என்றாள். இரண்டு முகங்களும் ஒன்றாகத் திரும்பின.

"குளிருதா?" என்று முடித்துவிட்டாள்.

இறங்கும் வழியில், காட்டுக்குள் ஒரு மரநிழலில் காரை நிறுத்தினான் பிரவின்ராஜ். இந்தத் தடவை தானே சொல்லிவிடுவது என்று மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு திரும்பினான். அபின் அக்காவின் மடியில் தலைவைத்துக் கண்மூடிக் கிடந்தான். ஜெனிஷாவின் கண்களும் மூடியிருந்தன.

"ரெண்டும் ஒறங்குது" என்றான்.

"கெடக்கட்டும், எழுப்பாண்டாம்." ஜெஸ்லின் ஷால் நுனியால் கண்ணைத் துடைத்தாள். "இனி கடல்தான் பாக்கி. அங்க வெச்சு சொல்லிருவோம்."

அவன் முடிந்தவரை மெதுவாக ஓட்டினான். பின்னால் வந்த பஸ்ஸெல்லாம் ஹாரன் அடித்து முந்திக்கொண்டு போயின. எவ்வளவு மெதுவாக ஓட்டியும் சங்குமுகம் கடற்கரை வந்துவிட்டது.

வெயில் தாழ்ந்திருந்தது. நால்வரும் மணலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். வாங்கிய கப்பலண்டிக் கடலைப் பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை.

"மக்களே, அப்பா உங்ககிட்ட ஒரு காரியம் சொல்லணும்" என்றான் பிரவின்ராஜ்.

கடையில் நாள் முழுக்கத் தமிழும் மலையாளமும் மாறி மாறிப் பேசுகிற வாய் அது. இதைச் சொல்ல இரண்டிலும் ஒரு சொல் அகப்படவில்லை. உதவிக்கு ஜெஸ்லினைப் பார்த்தான். அவள் கடல்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

ஜெனிஷா எழுந்தாள். அபினின் கால்சட்டையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு, அவனை அம்மாவின் பக்கத்தில் உட்காரவைத்தாள். பிறகு இந்தப் பக்கம் வந்து அப்பாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்க ஒத்தைக்கு இருக்காண்டாம்ப்பா. அவன் அம்மாகூடப் போட்டும், நான் உங்ககூட நிக்கேன்."