கந்தூரிச் சோற்று வரிசை

ஜன்னல் கண்ணாடி நொறுங்கி உள்ளே பாய்ந்தபோது பஸ்லியா இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

வெடித்த சத்தம் அவளுக்கு ஞாபகமில்லை. சுவரில் போய் மோதினாள். வாயெல்லாம் மண்.

காப்புறுதி அலுவலகத்தின் மேல்மாடி அது. நேர் கீழே தைக்கா என்னும் சிறு தொழுகையிடம். அங்கே நேர்ச்சையாகப் போடும் கந்தூரிச் சோறு வாங்கப் பத்து மணிக்கே சனம் சட்டியும் பையுமாக வரிசை கட்டியிருந்தது. நாலாவது ஆளாக நின்றவன் அவள் புருஷன் றிஸ்மி. கந்தூரிச் சோறென்றால் மனுஷன் ஏழு கடல் தாண்டியும் வருவான். மருதமுனையிலிருந்து வருவதா பெரிய வேலை!

தவழ்ந்து ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள்.

சோற்றுக் கிடாரம் கவிழ்ந்து கிடந்தது. கொட்டிய சோறு சிவந்துகொண்டே வந்தது. சோறு போட்டுக்கொண்டிருந்த முகைதீன்பாவா மோதினாரின் கை மட்டும் படியில் கிடந்தது. ஒரு பெண் தன் பிள்ளையைத் தூக்கினாள், கீழே வைத்தாள், மறுபடியும் தூக்கினாள். பிள்ளைக்குத் தலை நிற்கவில்லை.

வரிசையின் முன்பக்கத்தில் ஆளென்று ஒருவரும் இல்லை. கிடாரத்தடியிலிருந்து நாலாவது ஆள் நின்ற இடம் வரை குழிதான் இருந்தது.

"மச்சான்! யா அல்லாஹ், என்ட மச்சான்!"

கண்ணாடித் துண்டுகளை வெறுங்காலால் மிதித்துக்கொண்டு படியிறங்கினாள். முன்னால் கிடந்த ஒவ்வொரு உடம்பாகப் புரட்டினாள். எரிந்த சட்டைகளை விலக்கி முகம் தேடினாள். சிலருக்கு முகமே இல்லை. பைத்தியக்காரி மாதிரி மண்ணில் அடித்து அழுதாள்.

றிஸ்மி வரிசையின் கடைசியில், மதிலோரம் கிடந்தான். தொடை கிழிந்து இரத்தம் ஓடியது. உயிர் இருந்தது.

ஆண்டவன் காப்பாற்றிவிட்டான் என்று ஆஸ்பத்திரியில் பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு பொலிஸ் அதிகாரி வந்தார். எதிர்க்கடைக் கேமராவின் படத்தைத் தன் போனில் காட்டினார். அதில் சத்தம் இல்லை.

வரிசையின் கடைசியில் ஒருவன், பையை நெஞ்சோடு அணைத்தபடி, தலை குனிந்து நின்றான். ஒரு தடவை வெளியே போகக்கூடத் திரும்பினான். அப்போது வரிசை முழுவதும் அண்ணாந்து பார்த்துச் சிரித்தது. றிஸ்மி போய் அவன் கையைப் பிடித்து இழுத்து வந்தான். தன் இடத்தைக் கொடுத்துவிட்டு அவன் நின்ற இடத்துக்குப் போனான். முன்னால் நின்ற மூன்று பேரும் கிடாரத்துக்கு வழிவிட்டார்கள்.

அதிகாரி படத்தை நிறுத்தினார். "அந்தப் பையிலதான் குண்டு. எல்லாரும் உங்கட ஒபிஸ் ஜன்னலத்தான் பாக்காங்க. ஆர் கூப்பிட்ட? என்ன சொன்ன?"

பஸ்லியா படத்தில் பையோடு நின்றவனையே பார்த்தாள்.

அவன் அடுத்த வீட்டு ஜெமீலா ராத்தாவின் மருமகன் சப்ரி. அவன் மனைவி முந்தாநாள்தான் பிள்ளை பெற்றாள். பிள்ளை பெற்ற வீட்டுச் சட்டிக்குத்தான் கந்தூரியில் முதல் சோறு. அது ஊர் வழக்கம். வெட்கத்தில் கடைசியில் நிற்கிறான் என்று நினைத்து, மாடியிலிருந்து சிரித்துச் சிரித்துக் கத்தியவள் அவள்தான்.

'புள்ளப்பெத்த ஊட்டுக்காரன் வெக்கப்படுறான்! கையப் புடிச்சி முன்னுக்கு உடுங்க மச்சான்!' கத்திவிட்டுச் சிரித்தபடியே உள்ளே திரும்பிவிட்டாள்.

கட்டிலில் றிஸ்மி கண்ணைத் திறந்தான். அவள் கையைத் தடவிப் பிடித்தான்.

"சப்ரிக்கு ஒண்டும் ஆகல்லயே, புள்ள? பச்சப்புள்ளக்காரன்."